வடபக்கத்துக் குழாய்

எப்படிச் சொன்னாலும் இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். குழாயிலிருந்து ஆரம்பித்தால் பைத்தியக்காரி என்பார்கள். கல்லிலிருந்து ஆரம்பித்தால் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பித்தால், புருஷனைப் பற்றிக் குறை சொல்ல இந்த இடம்தானா கிடைத்தது என்று உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்தப் பதிவாளர் அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ஏழாம் வகுப்பில் பாதியிலே நின்றவள் நான். முதலில் நடந்ததை முதலில் சொல்லவேண்டும் என்று தெரியும், ஆனால் எது முதலில் நடந்தது என்பதிலேயே தடுக்கி விழுகிறேன். அர்த்தனாரி தன் வீட்டை விற்கிறார், நாங்கள் வாங்குகிறோம். அந்த வீட்டு வாசலின் வடபக்கத்தில், மண்ணுக்கு அடியில் கேஸ் குழாய் போகிறது. ஒரு குழந்தை தவழ்ந்து போகிற அளவு அகலம் என்று சொன்னார்கள். எதற்கு அப்படிச் சொன்னார்கள், அடி கணக்கில் சொல்லியிருக்கலாமே, அன்றிலிருந்து அதற்குள்ளே ஏதோ ஒரு குழந்தை முட்டி போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. பத்திரம் என் பேரில். கூப்பிட்டதும் உள்ளே போய் மிஷினில் கட்டைவிரலை வைத்துக் கையெழுத்துப் போட்டால் சாகும்வரை அந்தக் குழாய்மேல் படுக்கவேண்டியவள் நான். போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் டோக்கன் பதினேழு. இப்போது உள்ளே போயிருப்பது ஒன்பது. இன்னும் ஏழு பேருடைய நேரம் எனக்கு இருக்கிறது. ஏழு பேரும் சீக்கிரம் சீக்கிரமாக முடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள் மாதிரிதான் இருக்கிறார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது.

பெஞ்சு ஆடுகிறது. நான் அசைந்தால் நாச்சாயிக்கு ஆடுகிறது, அவள் அசைந்தால் எனக்கு ஆடுகிறது. அர்த்தனாரியின் மனைவி. அறுபது வயதுக்கு மேல். மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், சுவரில் ஒட்டியிருக்கும் லஞ்சம் கொடுக்காதீர் நோட்டீசைப் படிக்கிறாள். பத்து நிமிஷமாக அதையே படிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே டீக்கடையில் இவர் நிற்கிறார். செங்கோடன், என் வீட்டுக்காரர். வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்கு நீலம் போட்டது நான், இஸ்திரி போட்டது நான், இப்போது அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அர்த்தனாரி ஏதோ சொல்ல, டீ சிந்தச் சிந்தச் சிரிக்கிறார். புரோக்கர் வையாபுரியும் சிரிக்கிறான். மூன்று பேரும் சிரிக்கிற சிரிப்பில் ஒன்று என்னைப் பற்றியதாக இருக்கும். "பொம்பளைங்க பயம் எதுக்குத்தான் இல்ல" என்றிருப்பார். இருபத்திரண்டு வருஷம் கேஸ் டேங்கர் ஓட்டினவர். மங்களூரில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி வந்து இங்கே பிளாண்டில் இறக்குவது. பதினெட்டு டன். இந்தப் பதினெட்டு டன்னைச் சொல்லாமல் அவருக்கு எந்தச் சண்டையும் முடியாது, சோற்றில் உப்பு குறைந்தாலும் பதினெட்டு டன் வந்துவிடும். அந்த வண்டிக்குப் புல்லட் என்று பேர். கல்யாணமான புதிதில் புல்லட் ஓட்டுகிறார் என்று சொன்னார்கள், மோட்டார் சைக்கிள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகு பிளாண்டு வாசலில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஒரு வீட்டைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. அதன் மூக்கில் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு கேபின். அதற்குள் இவர்.

ஒரு தடவை மலையில் ஒரு டேங்கர் கவிழ்ந்துவிட்டது என்று டீவியில் காட்டினார்கள். அப்போது எங்களிடம் செல்போன் இல்லை. நெருப்பைக் காட்டினார்கள், மரங்கள் கறுப்பாக நின்றதைக் காட்டினார்கள், வண்டி நம்பரைக் காட்டவில்லை. ஒன்றரை நாள். பாப்பா மூன்றாம் வகுப்பு படித்தாள், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன், தலை பின்னி, ரிப்பன் கட்டி. அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பிள்ளைக்கு ரிப்பன் கட்டினேன். இரண்டாவது நாள் மத்தியானம் வந்தார். வாசலில் செருப்பை உதறிவிட்டு, "ரசம் இருக்குதா?" என்றார். நான் அழுதேன். "எதுக்கு அழுவற? அது நம்ம வண்டி இல்ல" என்றார். வேறு யார் வண்டி என்று நானும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த வீட்டிலும் ஒருத்தி டீவி பார்த்திருப்பாள். அன்றைக்கு ரசத்தை ஊற்றும்போது அவருடைய காக்கிச் சட்டையில் அந்த வாசம் இருந்தது, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, எப்போதும் இருப்பதுதான். அந்தச் சட்டைகளைத் தனி வாளியில் ஊறவைப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் என் மூக்கு அப்படிப் பழகிவிட்டது, தெருமுனை வீட்டில் அடுப்பு ட்யூப் கசிந்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும், நான்தான் போய்க் கதவைத் தட்டுவேன், அவர்கள் நன்றி சொல்லமாட்டார்கள், சந்தேகமாகப் பார்ப்பார்கள். சரி. மூக்கு எனக்கு ஒரு காவல் என்று நினைத்திருந்தேன். அந்த மூக்கு இங்கே உதவாது என்றுதான் அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான்.

பத்தாவது டோக்கன் போகிறது. அந்த ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். வையாபுரி முதல் தடவை வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது வடக்கு மூலையில், வேலி ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. முழுக்க மஞ்சள், வருஷக்கணக்காகத் தடவித் தடவித் தடித்துப்போன மஞ்சள், நடுவில் குங்குமம், இடுப்பில் சிவப்புத் துண்டு, தலையில் வேப்பிலை. நாச்சாயிதான் சொன்னாள், "கன்னிமாரு, அம்மிணி. வூட்டுக்குக் காவலு. கும்பிட்டுட்டு உள்ள வா." நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். வீடு பிடித்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். சமையல்கட்டில் இரண்டு ஜன்னல். தண்ணீர் நன்றாக வந்தது. சாமிகூட இருக்கிறதே என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். எங்கள் பக்கத்தில் வீடு மாறிப் போனால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற சாமியிடம் முதலில் சொல்லிக்கொள்ளவேண்டும், நாங்கள் வருகிறோம், ஏற்றுக்கொள் என்று. அதனால் அட்வான்ஸ் கொடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், தேங்காய் பழம் சூடம் எல்லாம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. வேலியைத் தள்ளி உள்ளே போய்க் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புது மஞ்சள் தடவி, அந்தக் கல்மேலேயே தேங்காயை உடைத்து, சூடத்தைப் பற்றவைத்தேன். கண்ணை மூடினேன். என்ன வேண்டினேன் என்பதைச் சொல்லமாட்டேன். கண்ணைத் திறப்பதற்குள் ஒரு ஆள் கத்திக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடிவந்தான். ஆரஞ்சு மேல்சட்டை, கையில் தடி, கழுத்தில் ஏதோ மிஷின். "அணைங்கக்கா! மொதல்ல அதை அணைங்க!" நான் அணைக்கவில்லை, சூடத்தை யாராவது ஊதி அணைப்பார்களா? அவனே வந்து பூட்ஸ் காலால் மிதித்தான். சாமிக்கு ஏற்றின சூடத்தைப் பூட்ஸ் காலால். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ, "நீயெல்லாம் நல்லாயிருப்பயாடா? கைகால் வெளங்குமா?" என்று மண்ணை வாரித் தூற்றினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் கல்லின் முதுகைச் சுரண்டினான். மஞ்சள் செதில் செதிலாக வந்தது. அடியில் இங்கிலீஷ் எழுத்து, அதற்குக் கீழே ஒரு நம்பர். "சாமி இல்லீங்கக்கா இது. கேஸ் லைன் கல்லு. நட்டபோது நானும்தான் கூட இருந்தேன்."

பச்சியப்பன் என்று பேர் சொன்னான். தர்மபுரிப் பக்கம். தினமும் பத்துக் கிலோமீட்டர் அந்தக் குழாய்மேலே நடப்பதுதான் அவனுக்கு வேலை, யாராவது தோண்டுகிறார்களா, கட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைப்பழம் வைத்திருந்தேன் அதற்கு. பொட்டு வைத்திருந்தேன். அவன் தடியால் காட்டிக் காட்டிச் சொன்னான், இங்கிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு கல் வரைக்கும் கம்பெனிக்கு உரிமை, நிலம் வீட்டுக்காரர்களுடையதுதான், ஆனால் கட்டடம் கட்டக்கூடாது, போர் போடக்கூடாது, தென்னை வைக்கக்கூடாது. "ஆனா பாருங்க, பாத்ரூமும் சமையக்கட்டுச் செவுரும் உள்ள வந்திருச்சு. லைன் போட்டதுக்கப்புறம் கட்டுனது. மூணு தடவை நோட்டீஸ் கொடுத்தாச்சு." சமையல்கட்டு என்றதும் எனக்கு அந்த இரண்டு ஜன்னலும் கண்ணில் வந்து நின்றன. "யாருக்குக் கொடுத்தீங்க?" என்றேன். "வீடு யாரு பேருல இருக்குதோ அவங்களுக்குத்தான்." பிறகு, நான் ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்காமலே இருந்திருக்கலாம், "கசிஞ்சா வாசம் வருமில்ல?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். "இதுல வாசம் சேக்கமாட்டாங்கக்கா. ஊருக்குள்ள வீடுகளுக்கு விடும்போதுதான் சேப்பாங்க. இந்தப் பெரிய லைன்ல போறதுக்கு வாசமே கெடையாது." வாசமே கிடையாது. "பயப்படாதீங்க, மிஷின் வெச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், இங்க ஒண்ணும் ஆனதில்ல" என்றும் சொன்னான். அவன் நல்லவன்தான். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க என்று கேட்டுக்கொண்டு, உடைந்த தேங்காயில் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு போனான். வாசமே கிடையாது. பஸ்ஸில் வரும்போது என் கையில் சூடத்தின் வாசம் அடித்தது, மஞ்சளின் வாசம் அடித்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் மல்லிகை வாசம் அடித்தது, உலகத்தில் எல்லாவற்றுக்கும் வாசம் இருக்கிறது, அது ஒன்றுக்குக் கிடையாதாம். அப்படியானால் எனக்கு எப்படித் தெரியும்? காலையில் எழுந்து, சமையல்கட்டுக்குப் போய், லைட்டருக்குக் கையை நீட்டி. எனக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டு. பதினொன்று எப்போது போனது என்று பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். தப்பாகத்தான் சொன்னேன், கல்லிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். சிரித்தார். சூடம் ஏற்றின இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேஸ் கம்பெனிக்காரனுக்குத் தேங்கா ஒடச்சுட்டு வந்திருக்கறா பாரு!" பிறகு குழாயைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "தெரியும்" என்றார். தெரியுமாம். அர்த்தனாரி முதல் நாளே சொல்லிவிட்டாராம், அதனால்தான் அந்த விலைக்கு வந்ததாம். "எங்கிட்ட சொல்லலையே?" "சொல்லியிருந்தா இந்தக் கூத்த மொதல்லயே ஆடியிருப்ப." நான் பாத்ரூமைச் சொன்னேன், நோட்டீசைச் சொன்னேன், வாசம் இல்லாததைச் சொன்னேன். "ஏம்புள்ள, பதினெட்டு டன்னு. எம்முதுகுக்குப் பின்னால. இருவத்திரண்டு வருசம். அந்தக் கேஸுல வந்த சோத்தத்தான தின்ன? அப்ப இனிச்சுதா?" இனிக்கவில்லை. ஒரு நாளும் இனிக்கவில்லை. ஒவ்வொரு கவளமும் எங்கே நின்று எங்கே இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும். "அது ஓடற கேஸு" என்றார், குரலைக் கொஞ்சம் இறக்கி, பாடம் சொல்லுகிற மாதிரி, "அடிக்கும், குலுங்கும், கவுந்துரும். இது பொதைச்ச கேஸு. பொதைச்சது எங்க போவும்?" புதைத்தது எங்கே போகும் என்பதையா என்னிடம் கேட்கிறார்? "அப்ப உங்க பேருலயே வாங்குங்க" என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது. அவர் பேரில் வாங்கமுடியாது. கர்நாடகாவில் ஒரு ஸ்கூட்டர்காரனை இடித்த வழக்கு இன்னும் நடக்கிறது, எதுவும் அவர் பேரில் இருக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எனக்காக என் பேரில் இல்லை. அவர் ஒளிந்துகொள்ள என் பேர். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தேனாக இருக்கும், "வூட்டு மகாலச்சுமி பேருல இருக்கட்டும்னுதான்." வையாபுரியையும் கூட்டிவந்தார். அவன் வில்லங்கச் சான்றை மடியில் விரித்துவைத்து, "அக்கா, முப்பது வருசத்துக்குப் போட்டுப் பாத்தாச்சு. ஒரு புள்ளி இல்ல, துணி தொவச்ச மாதிரி இருக்குது" என்றான். "குழாய் அதுல இருக்குதா?" என்றேன். "குழாய் எதுக்குக்கா அதுல இருக்கோணும்? அது என்ன கிரயமா?" என்றான். அந்தக் காகிதத்தில் இல்லாதது மண்ணிலும் இல்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். உண்மையிலேயே ஒரு புள்ளி இல்லை.

"என்ன அம்மிணி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கற?" நாச்சாயி நோட்டீசை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள். கண்ணில் புரை விழுந்த சாம்பல் நிறம். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். "கல்லுக்கு மஞ்சத் தடவுனது நீங்கதானுங்களே?" என்கிறேன். "எந்தக் கல்லு?" "கன்னிமாரு." பையின் காதைத் திருகுகிறாள். பெஞ்சு ஆடுகிறது. பதிமூன்றைக் கூப்பிடுகிறார்கள், ஒரு குடும்பமே எழுந்து போகிறது, கைக்குழந்தையோடு. "ஏமாத்தறதுக்குத்தான தடவுனீங்க? வர்றவங்க எழுத்தப் பாத்தரக் கூடாதுன்னு?" என் குரல் உயர்ந்துவிட்டது, எதிர் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். நாச்சாயி என் பக்கமாக நகர்ந்து உட்காருகிறாள். வெற்றிலை வாசம். "உன்ன ஏமாத்தி எனக்கு என்னாவப்போவுது கண்ணு? நீ யாருன்னே அப்பத் தெரியாது. எட்டு வருசம் ஆச்சு. இவரு காசு வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மிஷினு வந்து தோண்டறப்பதான் எனக்கே தெரியும். ஆறு மாசம் படுக்கவே முடியல. மண்ணுல காத வெச்சுக் கேப்பேன், ஒண்ணும் கேக்காது. கேட்டாலாச்சும் பரவால்ல. ஒரு வெள்ளிக்கெழம என்னமோ தோணுச்சு, கொஞ்சம் மஞ்சள அரைச்சுத் தடவி, சாமின்னு சொல்லிக் கும்புட்டேன். அன்னைக்குத் தூங்குனேன். நா என்னத்தான் ஏமாத்திக்கிட்டேன். குறுக்க நீ வந்து நின்னுட்ட." இவள்மேல் எனக்குப் பாவம் என்று தோன்றவேண்டும், தோன்றவில்லை, அதற்குப் பதிலாக அந்த மடிப்பையைப் பிடுங்கி வெளியே எறியவேண்டும் என்று தோன்றுகிறது. "இப்ப எங்க போறீங்க?" "பெருந்துறைக்கு. பையன் வூட்டுக்கு. மூணாவது மாடி. கீழ மண்ணே கெடையாது" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதை அவளால் மறைக்க முடியவில்லை, நான் பார்த்துவிட்டேன். பார்த்தது தெரிந்ததும் என் முழங்கையைத் தட்டிச் சொல்கிறாள், "நீயும் தடவு. வெள்ளிக்கு வெள்ளி. பழகீரும்."

பழகீரும். பதினாலு. பழகீரும் என்று என் அம்மா சொன்னாள், கல்யாணம் முடிந்த முதல் மாசம் அவர் வண்டி ஏறிப் போனபோது. பழகீரும் என்று இவர் சொன்னார். எனக்குப் பழகவில்லை. பழகிய மாதிரி இருந்தேன், அவ்வளவுதான், அது வேறு, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்து உருளுகிற அளவு இடம் இருக்கிறது. ஐம்பது வயதாகப்போகிறது. இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன், இருபது? இருபது வருஷம் வெள்ளிக்கு வெள்ளி ஒரு கம்பெனிக் கல்லுக்கு மஞ்சள் தடவிக்கொண்டு, அது சாமி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டு. பாப்பா பிரசவத்துக்கு வருவாள். பேரப்பிள்ளை முற்றத்தில் தவழும். மேலே ஒன்று தவழும், அடியில் ஒன்று தவழும், வேண்டாம், இதை நினைக்காதே. பதினைந்து. ஒருவேளை நான்தான் தப்போ? டேங்கர் கவிழ்ந்தது மலையில், எங்கள் வண்டி இல்லை. தெருமுனை ட்யூப் கசிந்தது, வெடிக்கவில்லை. நான் பயந்ததில் எது நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் அவரும் சொல்வார். நடக்காததற்கெல்லாம் நான் கொடுத்தது கணக்கிலேயே வராதா? அந்த ஒன்றரை நாள் எனக்கு நடந்ததுதானே? பதினைந்து வெளியே வந்துவிட்டது. பதினாறில் ஒரே ஒரு கிழவர், தனியாக, ஊன்றுகோலோடு. அவர் மெதுவாக நடந்தால் நன்றாக இருக்கும். மெதுவாகத்தான் நடக்கிறார். ஆனால் நடந்துவிட்டார்.

"பதினேழு. அர்த்தனாரி, பாவாயி." வெளியிலிருந்து மூன்று பேரும் ஓடிவருகிறார்கள், மீசையில் டீயோடு. உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. மேஜைமேல் அந்த மிஷின், தீப்பெட்டி அளவு, சிவப்பு வெளிச்சம். அர்த்தனாரி விரலை வைக்கிறார், போட்டோ எடுக்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "வாங்குறவங்க? நீங்களாம்மா? கட்டைவிரலை வைங்க" என்கிறாள் கம்ப்யூட்டரில் இருக்கும் பெண். என் கை முந்தானைக்குள் இருக்கிறது. "விரலும்மா." "வெய்யி புள்ள" என்கிறார் இவர், பின்னாலிருந்து, சிரித்த முகத்தோடு, அந்தச் சிரிப்பு பதிவாளருக்கு. மூச்சு என் கழுத்தில் படுகிறது. "எம்பேருல வேண்டாங்க" என்கிறேன். "என்னம்மா?" பதிவாளர் அம்மா நிமிர்கிறார். "இந்த வூடு எம்பேருல வேண்டாங்க. வேணுங்கறவங்க அவங்க பேருல எழுதிக்கட்டும்." வையாபுரி உச்சுக்கொட்டுகிறான். இவர் என் தோளைப் பிடிக்கிறார், பிடி இறுகுகிறது. "அவளுக்குக் கொஞ்சம் கிறுகிறுப்புங்க மேடம்." "கையை எடுங்க" என்கிறார் அந்த அம்மா, என்னிடமில்லை, அவரிடம். பிறகு பத்திரத்தை மூடி, எங்கள் பக்கமாகத் தள்ளுகிறார். "வாங்குறவங்களுக்குச் சம்மதமில்லாம நான் பதிய முடியாது. வெளிய போய்ப் பேசி முடிச்சுட்டு வேற நாள் டோக்கன் போட்டுக்கங்க. பதினெட்டு." ஏன் என்று கேட்கவே இல்லை. நான் காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தது எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நிற்கவைத்துக் கத்துகிறார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். மானத்தை வாங்கிவிட்டேனாம். அர்த்தனாரி, "மாப்பிள்ளை, பொறுங்க, பொம்பளைங்க சமாச்சாரம்" என்கிறார். வையாபுரி, "அக்கா, ஒரு வெரலுதானுங்களே" என்கிறான், விரலைக் கேட்கிறான் பாவி, காது குடையக் குச்சி கேட்கிற மாதிரி. நாச்சாயி தூரத்தில் நின்று என்னைப் பார்க்கிறாள், மூன்றாவது மாடி போய்விட்டது அவளுக்கு, அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். "நாளைக்கே எம்பேருல எழுதறேன்" என்கிறார் இவர். "வழக்காவது மசுராவது. எவன் வந்து புடுங்கறான்னு பாக்கறேன். நீ வந்தாலும் வராட்டியும் நா அங்கதான் இருப்பேன்." இருப்பார். எனக்குத் தெரியும். எழுதியும் விடுவார், அந்தச் சமையல்கட்டில் பீடியும் பற்றவைப்பார். "இருங்க" என்கிறேன். அவர் எதிர்பார்த்தது அழுகை. "என்ன, இருங்கங்கற?" "நீங்க இருங்க. நா நம்ம வாடகை லைன் வூட்டுலயே இருந்துக்கறேன்." "அங்கதான் ஒண்ணாந்தேதி காலி பண்றோம்னு சொல்லியாச்சே. ரோட்டுலயா படுப்ப?" ரோட்டைத் தாண்டி நடக்கிறேன்.

பத்திரம் எழுதுகிறவர் கொட்டகையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பத்திரத்தையும் அவர்தான் எழுதினார். அதற்குள் சேதி வந்திருக்கவேண்டும், என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்க்கிறார். முதலில் லைன் வீட்டுக்காரி மாராக்காவுக்குப் போன் போடுகிறேன், அவர் எதிரிலேயே. "அக்கா, ஒண்ணாந்தேதி காலி பண்ணல. வேற ஆளுக்குச் சொல்லிட்டீங்களா?" "ஒரு டீச்சரு பாத்துட்டுப் போச்சு. அதுக்கென்ன, நீ இருக்கறயா?" "இருக்கறேன்." "வாடகை ஐநூறு கூடவரும் பாவாயி." "கொடுத்தர்றேன். எம்பேருல ஒப்பந்தம் எழுதிக் கொண்டாறேன், கையெழுத்துப் போட்டுக் கொடுங்க." "என்ன புதுசா ஒப்பந்தமெல்லாம்?" என்று சிரிக்கிறாள் மாராக்கா. போனை வைத்துவிட்டு, இருபது ரூபாய் பத்திரத்தாள் ஒன்று கேட்கிறேன். பதினோரு மாதம். வீட்டு நம்பர், தெரு, வாடகை. அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வருகிறார். வாடகைதாரர் பெயர் பாவாயி. வயது நாற்பத்தொன்பது. "குடியிருக்கறவங்க எத்தன பேருன்னு போடறதுங்க?" என்று கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கிறார். அங்கே யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒருத்தர்னு போடுங்க" என்கிறேன். பிரிண்ட் எடுத்துத் தருகிறார். வீட்டுக்காரம்மா போட்ட பிறகு நீங்கள் போட்டால் போதும் என்கிறார். பேனாவை வாங்கி இப்போதே போடுகிறேன், கோட்டைத் தாண்டாமல், மூன்று எழுத்து.